ஏரியில் கிடைத்த தாடை

கோடையில் ஏரி வற்றினால் எங்கள் காலனிக்குக் கொண்டாட்டம்தான். ஊர்க்காரர்களின் வயலுக்கு வண்டல் வெட்டிப்போடும் வேலை கிடைக்கும். 2001இல் அப்படி வெட்டும்போதுதான் என் நைனா ஐசக்கின் கடப்பாரையில் அந்தத் தாடை தட்டுப்பட்டது.

நான் அப்போது சென்னையில் நிலவியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். லீவுக்கு வந்திருந்த என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். நீண்டு வளைந்த கோரைப்பல்லோடு, கல்லாகவே இறுகிப்போன தாடை. நீர்யானை! தென்னமெரிக்காவில் யானை பெருசுக்கு ஸ்லாத் என்றொரு விலங்கு திரிந்த கதையைப் பரீட்சைக்குப் பரீட்சை எழுதித் தள்ளியவள் நான். உத்திரமேரூர்ப் பக்கம் என்ன திரிந்தது என்று யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை.

"நைனா, இது அந்தக் காலத்து நீர்யானை. மண்ணுல எப்பிடிக் கீதோ அப்பிடியே எங்க சார் பாக்கணும். பாத்தாருன்னா எனக்கு ஆராய்ச்சி சீட்டு நிச்சயம்."

"நீ சொன்னா நான் நம்புவேம்மா. ஊரு நம்புமா?"

அவர் பயம் எனக்குத் தெரியும். முன்பு ஒருமுறை ஏரியில் செத்த மாடு கிடந்தபோது, காலனிதான் போட்டது என்று ஊரே சொன்னது. அந்த வருடம் எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. செத்த மாட்டை இழுத்துப்போடவும் நாங்கள்தான் வேண்டும், எலும்பு கிடந்தால் பழி சுமக்கவும் நாங்கள்தான் வேண்டும். என்ன நியாயமோ!

"சார் வந்து சொன்னா எல்லாரும் நம்புவாங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

பேராசிரியர் கிருஷ்ணசாமியைக் கூட்டிக்கொண்டு திரும்பியபோது பள்ளத்தில் சாம்பல்தான் இருந்தது. பக்கத்தில் சம்மட்டியோடு நைனா நின்றிருந்தார்.

"பஞ்சாயத்துத் தலைவரு ஆளுங்களோட பாக்க வர்றாருன்னாங்கம்மா. மாட்டு எலும்புன்னு கத கட்டிடுவாங்களேன்னு எரிச்சேன். எரியல. ஒடச்சித் தூளாக்கிட்டேன்."

"என் தலையில மண்ணள்ளிப் போட்டுட்டியே நைனா!"

கத்தினேன். பெற்றவர் என்றும் பார்க்காமல் கத்தினேன். சார் சாம்பலைக் கிளறினார். நகத்தளவு சில்லு ஒன்று அகப்பட்டது.

"இதை வச்சு எதுவும் நிரூபிக்க முடியாதும்மா" என்றார்.

அதற்குள் கரைமேல் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். தலைவர் வீராசாமி பள்ளத்தை எட்டிப் பார்த்தார்.

"இன்னாடா ஐசக்கு, மாடு இல்லன்னா இன்னாத்துக்கு எரிச்ச?"

நைனா சார் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "சார், மாடு இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்க சார்."

சார் சில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "நான் முழுசாப் பாக்கலையே ஐயா" என்றார்.

"எம் பொண்ணு பாத்துது சார். நீ சொல்லும்மா சுகிர்தா. இன்னா அது?"

"நீர்யானை" என்றேன்.

கரை முழுக்கச் சிரித்தது. வீராசாமிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

சிரிப்பு அடங்கும்வரை நைனா காத்திருந்தார். பிறகு கரையேறிப் போய், "மாடுதாங்க, மன்னிச்சிக்கோங்க" என்று வீராசாமி காலில் விழுந்தார்.