மேல் கேபினட்டைத் தாங்கிப் பிடித்தபடி

1

கோபத்தில்தான் இந்தக் கதையைத் தொடங்கினேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏதோ கலைக்காக எழுதினேன் என்று நினைத்துவிடாதீர்கள். கோபம் என் கணவர் புவனேஸ் மேல். பாயா ரும்புட்டில் எங்கள் வீட்டு ஹாலில் ரெடிமேட் கிச்சன் கேபினட் பெட்டிகள் மாதக்கணக்கில் பிரிக்காமல் கிடந்தன. நான் கர்ப்பமாக இருந்தபோது ஆர்டர் செய்தவை. அவை வந்து சேர்ந்தபோது குழந்தை இல்லை.

(அந்தக் கடைசி வாக்கியத்தை எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். இதற்குமேல் என்னால் முடியவில்லை.)

2

தொடக்கம், முதல் முயற்சி: 'சனிக்கிழமை காலை டிரில் சத்தம் கேட்டு எழுந்த அவள்...'

வேண்டாம். 'அவள்' என்று எழுதினால் யாருக்கோ நடந்ததுபோல் சுகமாக இருக்கிறது.

இன்னொன்று: 'மனைவியிடம் பேசத் தெரியாத ஆண்கள் சுவரில் ஓட்டை போடுவார்கள்.' மெர்லிமாவில் இருக்கும் என் அக்கா திலகா இதற்குக் கைதட்டுவாள். ஆனால் பொய். புவனேஸ் நன்றாகவே பேசுவார். மழை, ஆயர் கெரோ டோல் கேட்டில் டிராஃபிக் ஜாம், பந்தாட்டம் எல்லாம் வரும். குழந்தையைப் பற்றி மட்டும், மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு, ஒரு வார்த்தை கிடையாது. அதைத் தாங்க முடியாமல்தான் அக்கா வீட்டுக்கே போய்விடுவது என்று முடிவு செய்தேன். இன்று அவரிடம் சொல்லிவிடுவதாக இருந்தேன்.

3

வாயெடுப்பதற்குள் அவர் கூப்பிட்டார்.

"ஷாந்தி, மேல் கேபினட்ட கொஞ்சம் புடி லா. ஒரே நிமிஷம்."

"ஆள் வெச்சு மாட்டலாம்னு சொன்னேன்ல?"

"எதுக்கு ஆளு? வீடியோ பாத்துட்டேன், ஈஸி லா."

(இந்த இடத்தில் கணவன் பாத்திரத்தின்மேல் எனக்கே சந்தேகம். இவ்வளவு சாதாரணமாகவா ஒருவன் பேசுவான்? பேசினார்.)

ஸ்டூலில் ஏறி இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டேன். மரத்தூள் பலகைதான், ஆனால் பிணக்கனம் கனத்தது.*

வலப்பக்கம் ஒரு ஸ்க்ரூ ஏறிவிட்டது. இடப்பக்கத்துக்கு ஸ்க்ரூவைக் காணோம். எனக்கு நேர் கீழே உட்கார்ந்து ஒவ்வொரு பொட்டலமாகக் கிழித்துத் தேடினார். ஒன்றைக் கிழித்ததும் அவர் கை நின்றது. சின்ன வெள்ளை பிளாஸ்டிக் லாக்குகள். தவழும் பிள்ளைகள் கீழ் கேபினட் கதவைத் திறக்காமல் இருக்க உள்ளே மாட்டுவது. நான்தான் ஆர்டரில் சேர்த்திருந்தேன். அடியோடு மறந்துபோயிருந்தேன்.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஷாந்தி... பாப்பாவுக்கு வாங்குனது. இத மாட்டவா, வேணாமா?"

பாப்பா என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வருமென்ற நம்பிக்கையே எனக்குப் போயிருந்தது.

* இந்தச் சொல்லை மாற்ற வேண்டும். வேறு சொல் வரவில்லை.

4

முடிவு ஒன்று: 'மாட்டுங்க' என்கிறேன். பிள்ளையில்லாத வீட்டில் தினமும் அந்த லாக்கை அழுத்தித் திறந்து உப்பு எடுக்கிறேன். என்னால் ஆகாது.

முடிவு இரண்டு: 'வேணாம்' என்கிறேன். தலையாட்டிவிட்டு மறுபடி ஸ்க்ரூ தேடுகிறார். இனி என்றைக்கும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டார். அதுவும் ஆகாது.

முடிவு மூன்று: கீழே இறங்கி, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நாங்கள் இரண்டு பேரும்

எங்கே இறங்குவது? கையை எடுத்தால் கேபினட் அவர் தலையில்தான் விழும்.

அவர் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறார். அவர் தோள் குலுங்குவது அழுகையாலா, மூச்சு வாங்குவதாலா, மேலிருந்து தெரியவில்லை. ஸ்க்ரூ இல்லாத இடப்பக்கம் மெல்லச் சரிகிறது. இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும் சரி, கொஞ்சம் உள்ளே வாருங்கள். முடிவெல்லாம் நீங்கள் சொல்ல வேண்டாம். இந்த இடப்பக்கத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். நான் இறங்க வேண்டும்.