நோரீன் கடை முன் நட்ட பலகை

ஆஸ்திரேலியாவில் எங்கள் சின்ன ஊரான கூரம்பினில் சனிக்கிழமை என்றால் கால்பந்து. ஆட்டம் முடிந்ததும் நோரீன் பேக்கரியின் கிரீம் பன். கோதுமை ஏற்றிப் போகும் லாரிகள் பன் வாங்கக் கடைவாசலில் வரிசை கட்டி நிற்கும், ரொட்டி வாசனை தெருக்கோடி வரை வரும். பிறகு நகரசபை உறுப்பினர்களான நாங்கள் தெருவை அழகுபடுத்தி, கடை முன் ‘வண்டி நிறுத்தக் கூடாது’ என்று பலகை நட்டோம். லாரிகள் நிற்காமல் போயின. பலகையை எடுக்கச் சொல்லி ஆறு வருடம் மனுக் கொடுத்த நோரீன், மாதக் கடைசியில் கடையை மூடுவதாக வாசலில் தாள் ஒட்டினாள்.

மேயர் கிளைவ் அசரவில்லை. ஊரை முன்னேற்ற மெல்பர்னிலிருந்து நிபுணரை வரவழைத்தார். அவர் ஊர்க் கூட்டத்துக்கு முக்கால் மணி தாமதமாக வந்தார்.

“மன்னிச்சுக்கங்க. பேக்கரியில பன் வாங்கலாம்னு நாலு சுத்து சுத்தினேன், வண்டி நிறுத்த இடமில்ல. இருக்கற கடைக்கே ஆள் வர விடாம, புதுசா யாரைங்க கூப்பிடப் போறீங்க?”

கடைசி வரிசையில் நோரீன் சிரித்தாள். “இதையே நான் இலவசமா சொன்னேன், கிளைவ். ஃபீஸ் கேக்காததுதான் என் தப்பு.”

மறுநாள் காலை மேயரே ஸ்பானரோடு வந்து பலகையைக் கழற்றினார். மத்தியானம் முதல் லாரி நின்றது. கடை மூடும் தாளைக் கிழித்து, அதிலேயே மேயருக்குப் பன் மடித்துக் கொடுத்தாள் நோரீன்.