முப்பது பாகம் கயிறு

தையல்காரர் தன் அக்கா புருஷனான அத்தானிடம் பேசி ஒன்பது பனிக்காலம் ஆகியிருந்தது. வருடம் என்று சொன்னாலும் அதே ஒன்பதுதான். ஆனால் அவர்கள் சேர்ந்து மீன் பிடிக்கப் போனது பனிக்காலத்தில் மட்டும் என்பதால், தையல்காரருக்குப் பனிக்காலம்தான் கணக்கு.

வீம்பு என்றால் சாதாரண வீம்பு இல்லை. அத்தானின் ரொட்டிக்கடை வாசலைத் தாண்டக் கூடாது என்பதற்காக, தபால் நிலையத்தைச் சுற்றிக்கொண்டுதான் தன் கடைக்குப் போவார். ரொட்டியும் வேறு கடையில்தான். அந்த ரொட்டி வாயில் போட்டால் பஞ்சு, வயிற்றில் விழுந்தால் கல். அதையும் ஒன்பது வருடம் முகம் சுளிக்காமல் தின்றார். நாக்குக்கு ருசி தெரியாத மனிதர் இல்லை அவர். கோபம் வந்தால் நாக்கையும் சேர்த்துப் பட்டினி போடத் தெரிந்த மனிதர்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அவருடைய அக்கா கடைக்குள் வந்தாள். வெட்டும் மேஜைமேல் கிடந்த துணியைத் தள்ளிவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

"கடையை ஒப்படைச்சாச்சுடா. நாளைக்கு மத்தியானம் லாரி வருது. பையன் ஊருக்கே போறோம்."

தையல்காரரின் காலடியில் மிஷின் நின்றது. "பதினோரு மணி நேரமாச்சே அக்கா, அந்த ஊரு."

"ஆமா. அவருக்கு முட்டி போச்சு, வலது தோள் தூக்க முடியல. இனிமே அடுப்படியில நின்னு மாவு பிசைய முடியுமா?" அக்கா சற்று நிறுத்தினாள். "நாளைக்குக் காலையில உன்னைப் படகுக்கு வரச் சொன்னாரு. கடைசியா ஒருதரம் போயிட்டு வரலாமாம்."

"அவரா சொன்னாரு?"

"பின்ன, நானா கதை விடறேன்?"

அவள்தான் கதை விட்டாள். வீட்டுக்குப் போய்ப் புருஷனிடமும் அதே கதையைத் திருப்பிப் போட்டு, தம்பிதான் கூப்பிட்டான் என்று சொல்லிவிட்டாள். அது அப்போது தையல்காரருக்குத் தெரியாது. வருகிறேன் என்றார். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அத்தான் ஊரை விட்டுப் போவதற்கு முன்னால், "ஆமாடா, உன்கிட்ட பொய் சொன்னேன்" என்று அவர் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும். நாளைக் காலையில் கேட்காவிட்டால் அதை இந்த ஜென்மத்தில் கேட்க முடியாது.

நடந்தது இதுதான். அதற்கு முன் இருபது பனிக்காலம் இருவரும் ஒரே படகில் போனவர்கள். கரையிலிருந்து பார்த்தால் படகில் இருப்பவரின் சட்டை நிறம் தெரியும், அவ்வளவு பக்கத்துக் கடல்தான். அந்த மாதங்களில் அலை அடங்கிக் கிடக்கும். வெயில் தோளில் கை போட்டுக்கொண்டு கூடவே வரும், சுடாது. முதல் அடுப்பு ரொட்டியைப் பழைய செய்தித்தாளில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வருவார் அத்தான். படகில் ஏறும்வரை அவர் வயிற்றுக்குச் சூடு, ஏறியபின் இருவருக்கும் சாப்பாடு. சாப்பிடும்போது அவர் பேசாத பேச்சு கிடையாது. ஊரில் யார் யாருக்கு எத்தனை பல் பாக்கி இருக்கிறது என்பதுவரை ரொட்டிக்கடைக்காரருக்குத் தெரியும். தையல்காரர் சிரித்துச் சிரித்துத் தூண்டிலைத் தவறவிட்ட நாட்கள் உண்டு. அவர் வாழ்க்கையில் அவ்வளவு சிரித்தது அங்கே மட்டும்தான்.

தண்ணீருக்கு அடியில் ஒரு கல் இருந்தது. ஒரு சின்ன வீட்டின் அளவு இருக்கும். சுற்றிலும் வெறும் மணல், அந்தக் கல்லில் மட்டும் கலவா மீன். நீர் கரைப் பக்கம் ஏறும் நேரத்தில்தான் அங்கே மீன் கடிக்கும் என்பதால் அப்போதுதான் போவார்கள். அத்தான் பின்னால் உட்கார்ந்து இன்ஜினைப் பிடிப்பார், கரையைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பார். தையல்காரர் முன்னால் நங்கூரத்தோடு உட்கார்ந்திருப்பார். "போடு!" என்று குரல் வந்ததும் போடுவார். எதை வைத்து அந்த இடம் என்று அவர் கேட்டதும் இல்லை, கரையைத் திரும்பிப் பார்த்ததும் இல்லை.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அத்தான் குடலிறக்க ஆபரேஷன் செய்துகொண்டு படுத்துவிட்டார். படுக்கையில் இருந்தபடியே, கல் இருக்கும் இடத்தைக் கரையை வைத்துக் கண்டுபிடிக்கும் அடையாளக் குறியை மைத்துனனுக்குச் சொன்னார். மாவு மில்லின் புகைபோக்கி தண்ணீர்த் தொட்டியை மறைக்க வேண்டும். பாலத்தின் மூன்றாவது தூண் கலங்கரை விளக்கத்துக்கு நேராக வர வேண்டும். அங்கேதான் நம்ம கல்.

தையல்காரர் தனியாகப் போனார். அளவு எடுப்பதையே தொழிலாகச் செய்கிறவர், இம்மி பிசகாமல் குறி சேர்ந்த இடத்தில் நங்கூரத்தைப் போட்டார். நாள் முழுக்க ஒரு கெளுத்திகூட இல்லை. மறுநாள் போனார், வெறும் மணல். மூன்றாம் நாள் ஒரே ஒரு பேத்தை மீன் மாட்டி, வயிற்றை உப்பிக்கொண்டு அவரை முறைத்தது. வந்து அத்தானிடம் சொன்னால், மனிதர் தையல் பிரியும் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றைக்கு டீக்கடையில் யாரோ, "மச்சினனா இருந்தாலும் சொந்தக் கல்லை எவன்யா காட்டுவான்?" என்றார்கள். அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. இருபது வருடம் கூடவே வந்தவனுக்குப் பொய்க் குறியா? அன்றோடு அத்தான் வீட்டுப் படியேறுவதை நிறுத்தினார். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது போதாதென்று, அக்கா நான்கு தடவை வந்து "அவர் மன்னிச்சுக்கச் சொன்னாருடா" என்றபோது, பார்த்தாயா, தப்பு செய்யாதவன் எதற்கு மன்னிப்புக் கேட்பான் என்று கோபத்தை இன்னும் ஒரு முடிச்சு போட்டு இறுக்கிக்கொண்டார்.

புதன்கிழமை காலை படகருகே இருவரும் நின்றார்கள். அத்தான் பாதியாக இளைத்திருந்தார். காதோர முடி மட்டும் மாவு ஒட்டினது போல அப்படியே இருந்தது. "ம்" என்றார். தையல்காரரும் "ம்" என்றார். படகு புதுப் பெயிண்டில் பளபளத்தது. வருடா வருடம் பனிக்காலம் தொடங்கும்போது அத்தான் பெயிண்ட் அடிப்பதைத் தூரத்திலிருந்து பார்த்து, அய்யா என்னை விட்டுவிட்டுப் போய் அள்ளிக்கொண்டு வருகிறார் என்று வயிறு எரிந்தவர் தையல்காரர்.

அத்தானுக்குத் தோள் தூக்காததால் இன்ஜின் கயிற்றை இழுக்க முடியாது. அதனால் தையல்காரர் பின்னால் உட்கார வேண்டியதாயிற்று. அத்தான் நங்கூரத்தைப் படகின் விளிம்பில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். காலால் தள்ளிவிட்டால் போதும்.

அதே அடங்கிய கடல், அதே மெல்லிய வெயில். இன்ஜின் சத்தத்தைத் தவிர ஒரு பேச்சில்லை. அத்தான் சட்டைக்குள்ளிருந்து செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்து நடுப்பலகையில் வைத்தார். கடையை ஒப்படைத்த மனிதர் விடியற்காலையில் யார் அடுப்பில் போய் நின்றாரோ. அந்த வாசனை வந்ததும் தையல்காரருக்கு நாக்கில் நீர் ஊறியது. ஊறியதற்காகத் தன்மேலேயே எரிச்சல் பட்டார்.

கரையைத் திரும்பிப் பார்த்தார். புகைபோக்கி தொட்டிக்கு முன்னால் வந்து மறைத்தது. மூன்றாவது தூண் நேராக வந்தது. சரி, இப்போது பார்ப்போம்.

"போடுங்க!" என்றார். ஒன்பது வருடத்துக்குப் பிறகு அத்தானிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அத்தான் காலை அசைக்கவில்லை. "இன்னும் போ."

"எங்க போறது? தொட்டி மறைஞ்சாச்சு, தூணும் வந்தாச்சு. நீங்க சொன்ன இடம் இதுதானே?"

"இதேதான்."

"அப்பப் போடுங்க!"

"இங்க போட்டா எப்படிடா? கடல் பக்கம் இன்னும் போ."

தையல்காரர் இன்ஜினை அணைத்தார். ஒன்பது வருடம் மென்று விழுங்கியது எல்லாம் ஒரேயடியாக வெளியே வந்தது.

"இன்னைக்கும் ஏமாத்தறீங்களா? போற நாள்லயாவது உண்மையைச் சொல்லக் கூடாதா? அன்னைக்குப் பொய்க் குறி சொன்னீங்க. மூணு நாள் முட்டாள் மாதிரி மணல்மேல உக்காந்துட்டு வந்தேன். வந்து சொன்னா சிரிச்சீங்க. அந்தக் கல்லை நானா பெயர்த்து வீட்டுக்குக் கொண்டு போயிடுவேன்?"

அத்தான் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். படகு மெதுவாகக் கரைப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது.

"மூணு நாளும் நங்கூரத்தை எங்க போட்டே?"

"குறி சேர்ந்த இடத்துல. நூல் பிடிச்ச மாதிரி."

"சேர்ந்த இடத்துலயேவா?"

"பின்ன?"

அத்தான் கண்ணை மூடித் திறந்தார். பிறகு மெதுவாக, புது ஆளுக்கு மாவு பதம் சொல்வது போலச் சொன்னார்: "குறி நாம உக்கார்ற இடத்துக்குடா. நங்கூரத்துக்கு இல்ல. ரெண்டு கையையும் விரிச்சு அளந்து முப்பது பாகம் கயிறு விடறோம். நீர் கரைப் பக்கம் ஏறுது. படகு கயித்தோட பின்னால வந்துதானே நிக்கும்? அதனால குறியைத் தாண்டிப் போய்ப் போடணும். அப்பத்தான் படகு கல்லுமேல வந்து நிக்கும்."

தையல்காரர் நங்கூரக் கயிற்றுச் சுருளைப் பார்த்தார்.

"நீ சட்டைக்கு அளவு எடுத்தா, துணியை அதே அளவுலயா வெட்டுவே? தையலுக்கு விட மாட்டே?"

பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது தையல்காரருக்கு. அதற்கும் வழியில்லை, சுற்றிலும் தண்ணீர். மூன்று நாளும் கயிறு கைவழியே ஓடியது அவருக்கு நினைவிருந்தது. படகு பின்னால் போனதும் நினைவிருந்தது. ஆனால் ஒருதரம் அளந்ததை மறுபடி அளந்து பார்ப்பது தன் கைக்கு இழுக்கு என்று நினைக்கிறவர். கரையை இரண்டாம் தடவை திரும்பிப் பார்க்கவே இல்லை.

"இதுக்காகவாடா?" என்றார் அத்தான். குரல் உடைந்திருந்தது. "நான் என்ன நினைச்சேன் தெரியுமா? உன் பொண்டாட்டி போட்ட டீயை, படகு கழுவின தண்ணி மாதிரி இருக்குன்னு சொன்னேனே, அதுக்குத்தான் நீ முறுக்கிக்கிட்டேன்னு நினைச்சேன். உங்க அக்காவை நாலு தடவை மன்னிப்புக் கேக்க அனுப்பிச்சேன்."

"அவ டீ அப்படித்தான் இருக்கும். அதுக்கு யாரு கோவிச்சுக்குவா?"

இருவருக்கும் சிரிப்பு வந்தது. தையல்காரருக்கு அது பாதியிலேயே நின்றுவிட்டது. இன்ஜினை இழுத்தார். குறியைத் தாண்டி, அத்தான் கை காட்டிய இடம்வரை போனார். அத்தான் நங்கூரத்தைக் காலால் தள்ளினார். கயிறு ஓடியது, படகு பின்னால் வந்து நின்றது. தையல்காரர் இந்த முறை கரையைப் பார்த்தார். புகைபோக்கி, தொட்டி, தூண், எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

இறாலைக் கோத்துத் தூண்டில் நரம்பை இறக்கிய சற்று நேரத்தில் அத்தானின் நரம்பு விண்ணென்று இழுபட்டது. ஒற்றைக் கையால் அவர் தடுமாற, தையல்காரர் எட்டிப் பிடித்து இழுத்தார். முழங்கை நீளக் கலவா ஒன்று படகுக்குள் விழுந்து துள்ளியது. அடுத்தது தையல்காரருக்கு. பிறகு இன்னொன்று.

"இத்தனை வருஷம் யாரைக் கூட்டிட்டு வந்தீங்க?" என்று மீனின் வாயிலிருந்து தூண்டில் முள்ளைக் கழற்றிக்கொண்டே கேட்டார் தையல்காரர்.

"எங்க?"

"இங்கதான். நங்கூரம் போட யாரு வந்தா?"

"நான் வரவே இல்லையேடா."

"வருஷா வருஷம் பெயிண்ட் அடிச்சீங்க? நான் பார்த்தேனே."

"அடிச்சேன்." அத்தான் தன் நரம்பைப் பார்த்தபடியே சொன்னார். "இந்த வருஷம் நீ கோபம் தீர்ந்து வந்துடுவேன்னு நினைப்பேன். நீ ஏறுறப்போ படகு அழுக்கா இருந்தா நல்லாவா இருக்கும்?"

தையல்காரர் கையில் இருந்த மீனைக் கீழே வைத்தார். அறுபத்திரண்டு வயது மனிதர், செதில் ஒட்டிய கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஒன்பது பனிக்காலத்தை அவர் தன் கையாலேயே வெட்டி எறிந்திருந்தார். வெட்டிய துணியைக்கூட ஒட்டுப்போட்டுத் தைத்துவிடலாம். இதை என்ன செய்வது?

"மன்னிச்சுடுங்க அத்தான்."

"அட விடுடா."

"அடுத்த பனிக்காலம் நானே அங்க வந்து உங்களைக் கூட்டிட்டு வர்றேன்."

"இந்த முட்டியை வெச்சுக்கிட்டா? பையன் வீட்டு மாடிப்படியே ஏற முடியுமான்னு தெரியல." அத்தான் ரொட்டியைப் பிய்த்துப் பாதியை நீட்டினார். "இப்ப நீர் இன்னும் ஏறிக்கிட்டுத்தானே இருக்கு? தின்னு."

தின்றார்கள். ஆறிப்போயிருந்தாலும் அதே ரொட்டிதான். அத்தான், தபால்காரருக்குப் புதுப் பல்செட் கட்டிய கதையை ஆரம்பித்தார். அது இரண்டு வருடத்துக்கு முந்தைய கதை, தையல்காரருக்குத் தெரியாத கதை. அதை முடித்ததும் அதற்கு முந்தைய வருடத்துக் கதைக்குப் போனார். ஒன்பது வருடக் கதையை எங்கே தொடங்கி எப்படி முடிப்பதென்று தெரியாமல் அவசர அவசரமாகச் சொன்னார். தையல்காரரும் ஒன்றையும் விடாமல் கேட்டார்.

உச்சி வெயில் வந்தது. நீர் ஏறுவது நின்றது, மீனும் கடிப்பதை விட்டது. கரையில் லாரி வந்து நிற்பது தெரிந்தது. சற்று நேரத்தில் அக்கா தண்ணீர் ஓரத்துக்கு வந்து, ஒரு துண்டை இரண்டு கையாலும் தலைக்குமேல் பிடித்து வீசி வீசிக் கூப்பிட்டாள். இருவரும் பார்த்தார்கள். பார்த்ததாக ஒருவரும் காட்டிக்கொள்ளவில்லை.

தையல்காரர் இரண்டு தூண்டிலுக்கும் புது இறால் கோத்து, அத்தானுடையதை அவர் இடது கையில் கொடுத்தார்.

"சொல்லுங்க, அப்புறம் என்ன ஆச்சு?" என்றார்.