கூட்டி எழுதிய இரண்டு மணி

லாரி ஷெட்டில் லோடு பிரித்துக் கொடுக்கும் அக்காவிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்த டிரைவர் போனில் எத்தனை மணிக்கு வருவேன் என்று சொன்னாலும், அதோடு இரண்டு மணி நேரம் கூட்டித்தான் நோட்டில் எழுதுவாள். ஒன்பது வருடமாக அந்த ஜன்னலில் உட்கார்ந்து பட்ட பாடு அப்படி. "பாலம் தாண்டிட்டேன்க்கா" என்று ஒருவன் சொன்னால், பாலத்துக்கு அந்தப் பக்கம் டீ ஆற்றிக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். "ஷெட்டு வாசல்லயே நிக்கிறேன்" என்றால் இப்போதுதான் பாலம் ஏறுகிறான். "இதோ" என்றால் இன்னும் பல்கூட விளக்கவில்லை. வண்டி எங்கே இருக்கிறது என்று காட்டும் கருவியை முதலாளி எல்லா லாரியிலும் மாட்டிப் பார்த்தார். ஒரே மாதத்தில் அதற்கும் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள் மகராசன்கள்.

அவர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. நோட்டில் முதல் நேரம் எவன் பேரில் இருக்கிறதோ அவனுக்குத்தான் நல்ல லோடு. மருந்துப் பெட்டி, துணி பேல், இயந்திரம் என்று சுத்தமான சரக்கு. இறக்கிய கையோடு ரிட்டன் லோடும் கிடைக்கும். கடைசி நேரம் எழுதப்பட்டவன் தலையில் பழைய இரும்புதான் விழும். அதை இறக்குவதற்குள் மூன்று நாள் ரோட்டோரம் காய வேண்டும். இந்த நிலைமையில் வாயைத் திறந்தால் பொய் வராமல் வேறென்ன வரும்? சிலர் அக்காவுக்குப் பழக்கூடை கொண்டுவந்து பார்த்தார்கள். பழத்தை வாங்கிக்கொண்டாள், லோடு தரவில்லை.

இந்தக் கூட்டத்தில் நிமிஷக்காரர் ஒருவர்தான் விநோதம். ஐம்பது வயது, நெற்றி வரை வாரிய நரை, சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்னக் கடிகாரம். "பத்து இருபதுக்கு வந்துருவேம்மா" என்று நிமிஷத்தோடு சொல்வார். அதனால் வந்த பெயர். அக்கா சிரித்துக்கொண்டே பன்னிரண்டு இருபது என்று எழுதுவாள். பதினொரு மணிக்குக் கிளம்பும் நல்ல லோடு, "எட்டரை" என்று சொன்ன வேறொருவன் பேருக்குப் போய்விடும். எழுதிய சீட்டை அடிக்கக் கூடாது என்பது ஷெட்டுச் சட்டம். நிமிஷக்காரர் பழைய இரும்பை ஏற்றிக்கொண்டு முகம் கோணாமல் போவார். அவர் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார் என்று அக்கா கவனித்ததே இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஐம்பது தலை. யார் தலையை யார் பார்ப்பது?

அவராக ஒரே ஒரு முறைதான் வாய்விட்டுக் கேட்டார்.

"ஆஸ்பத்திரிங்களுக்கு ஸ்கேன் மெஷின் கொண்டுபோற நிரந்தர லைன் வருதாமே. அதை எனக்குப் பாத்துக் குடும்மா. கெளம்பினா மூணாம் நாள் வீட்டுக்கு வந்துரலாம். பொண்ணு பத்தாவது படிக்கிறா. மாசத்துக்கு ரெண்டு நாள்தான் அவ மூஞ்சியைப் பாக்குறேன்."

"பாக்கலாம்ண்ணே," என்றாள் அக்கா. அந்தப் 'பாக்கலாம்' எதற்கும் உதவாது என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

லைன் வந்தது, ஒரு நிபந்தனையோடு. இயந்திரத்தை இறக்கக் கிரேன் வேண்டும். கிரேன் ஒரு மணி நேரம்தான் நிற்கும், இறக்கவே அது சரியாக இருக்கும். முதல் நடையிலேயே நேரம் தவறினால் லைன் வேறு கம்பெனிக்குப் போய்விடும்.

"சொன்ன நேரத்துக்கு வர்ற ஒரே ஒருத்தனைக் காட்டு," என்றார் முதலாளி.

வண்டி உள்ளே வரும் நேரத்தை வாசல் வாட்ச்மேன் எழுதிவைக்கும் நோட்டை அக்கா வாங்கி வந்து, தன் நோட்டோடு வைத்து ஆறு மாதத்தைப் புரட்டினாள். ஒருவன் மூன்று மணி நேரம் தாமதம். ஒருவன் நாலரை. ஒரு மகானுபாவன் மறுநாள்தான் வந்திருந்தான். நிமிஷக்காரர் பத்து இருபது என்று சொன்ன நாளில் பத்து பதினெட்டுக்கு வந்திருந்தார். நாலு ஐந்து என்ற நாளில் நாலு ஒன்பது. பதினாறு நடையில் ஏழு நிமிஷத்துக்கு மேல் அவர் பிசகவே இல்லை. பதினாறிலும் பக்கத்தில் அவளுடைய கையெழுத்தில் இரண்டு மணி கூடியிருந்தது. உண்மை பேசிய ஒரே மனுஷனையும் பொய்யனாக்கி, ஆறு மாதம் இரும்பு சுமக்க விட்டது தான்தான் என்று புரிந்ததும் அக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

முதல் நடை அவருக்கே போனது. கிரேன் பதினொரு மணிக்கு. எட்டேகாலுக்குப் போன் வந்தது.

"ரோட்டுல ஒரு வண்டி கவுந்து கெடக்கும்மா. சுத்திக்கிட்டுத்தான் போகணும். பதினொண்ணு ஆகாது. பதினொண்ணு நாப்பது."

பக்கத்தில் முதலாளி தலையில் கை வைத்தார். "அவன் நாப்பதுங்குறான்னா ஒண்ணே முக்காலாயிரும். போச்சு, எல்லாம் போச்சு! ஆஸ்பத்திரில பதினொண்ணுன்னே சொல்லி வை, அப்புறம் சமாளிப்போம்."

பழக்கதோஷத்தில் அக்காவின் பேனா ஒன்று நாற்பது என்று எழுதப் போனது. பிடித்து நிறுத்தினாள். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். "கிரேனை பதினொண்ணு நாப்பதுக்கு வரச் சொல்லுங்க. முன்னாடியும் வேணாம், பின்னாடியும் வேணாம்."

பதினொன்று முப்பத்தெட்டுக்கு அங்கிருந்து பேசினார்கள். வண்டி உள்ளே வந்துவிட்டது. முதலாளி தண்ணீர் கேட்டார்.

மூன்றாம் நாள் நிமிஷக்காரர் ஜன்னலுக்கு வந்தபோது, லைன் இனி அவருக்குத்தான் என்று எழுதிய சீட்டை அக்கா நீட்டினாள். மனசு கேட்காமல் தன் வழக்கத்தையும் சொல்லிவிட்டாள்.

"நீ ரெண்டு மணி கூட்டுறது ஷெட்டுக்கே தெரியுமேம்மா," என்று சிரித்தார் அவர்.

"தெரிஞ்சுமா? நீங்களும் ரெண்டு மணி கொறைச்சுச் சொல்லித் தொலைச்சிருக்கலாமேண்ணே!"

"ஒரு தடவை அப்படிச் சொன்னேன். ஒங்கிட்ட இல்ல, வீட்ல. பொண்ணுக்கு அப்ப ஆறு வயசு. 'பாலம் தாண்டிட்டேன் தங்கம்'னேன். ரோட்டு முனைல வந்து நின்னுட்டா. நான் போய்ச் சேர மூணு மணி நேரம். மழைல தொப்பலா நனைஞ்சு நிக்கிறா. அழுகல, கோவிச்சுக்கல. 'அந்தப் பாலம் அவ்ளோ நீளமாப்பா?'ன்னு கேட்டா." சீட்டை மடித்துக் கடிகாரத்தோடு சட்டைப்பையில் வைத்தார். "அதுக்கப்புறம் யார்கிட்டயும் பொய் சொல்ல வாய் வரமாட்டேங்குது."



அவர் அங்கேயே நின்று வீட்டுக்குப் போன் போட்டார். "சனிக்கிழமை சாயங்காலம் நாலு பத்துக்கு வந்துருவேன்."

மறுமுனையில் பெண்குரல் "சரிப்பா" என்றது. நிஜமாவா என்று கேட்கவில்லை. போனை வைத்துவிட்டது.