நூற்று அறுபத்தோராம் பக்கம்

அன்று காலை பத்து மணிக்கு முன்னறையில் இருந்தவர்கள் ஆறு பேர். தராசுக்காரர், அவர் மனைவி, மகள், மனைவியின் தம்பியான போட்டோக்காரர், வழிபாட்டு மன்றத்தின் செயலாளர், மன்றத்து நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் மருந்துக்கடைக்காரர். ஆறு பேர்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால், தாங்களும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்களை இப்போது கூட்டிப் பார்த்தால், பாதிப் பேர் அலமாரி மேல் ஏறி உட்கார்ந்திருக்க வேண்டும். எதிர்வீட்டு அம்மாள் உள்ளே இல்லை. அவர் தன் வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக அவருக்குத் தெரிந்தது பாதி அறை. காதில் விழுந்தது அதிலும் பாதி.

தராசுக்காரர் என்பது தெரு வைத்த பெயர். முப்பத்தொரு வருடம் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை இடுவது வேலை. தராசின் முள் நடுவில் நின்றுவிட்டால் மற்ற ஆய்வாளர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போவார்கள். இவர் போகமாட்டார். இடது தட்டில் இருப்பதை வலதுக்கும், வலதில் இருப்பதை இடதுக்கும் மாற்றிப் போடச் சொல்வார். தராசின் கைகளில் ஒரு நூல் நீளம் கூடக்குறைய இருந்தாலும், மாற்றிப் போடும்போதுதான் அது காட்டிக்கொடுக்கும். “ஒரு பக்கம் பார்த்துப் போட்ட கையெழுத்து ஒண்ணுகூட எங்கிட்ட கிடையாது” என்று அவர் சொல்லாத கல்யாண வீடு இல்லை. கேட்டுக் கேட்டுக் காது புளித்த போட்டோக்கார மச்சான், “அத்தான், பொண்ணையும் மாப்பிள்ளையையும் இடம் மாத்தி உக்கார வச்சுப் பாத்துட்டீங்களா?” என்று கேட்பார். தராசுக்காரர் சிரிக்கமாட்டார். முதுகு வளையாமல் உட்கார்ந்திருப்பார்.

அந்த முதுகுக்குக் காரணம் உண்டு. மன்றத்தை நிறுவியவர் அவருடைய தாத்தா. தலைவர் நாற்காலியில் தாத்தா, அப்பா, பிறகு இவர் என்று மூன்று தலைமுறை. தாத்தா மறைநூலுக்கு எழுதிய உரை நானூறு பக்கம். அது முன்னறைக் கண்ணாடி அலமாரியில் வெள்ளைத் துணி சுற்றி இருந்தது. அதன் முதல் மூன்று அத்தியாயங்கள் வாரந்தோறும் மன்றத்தில் வாசிக்கப்படும். வீட்டில் எது நடந்தாலும் அந்தப் புத்தகத்தை எடுத்து, நாடா வைத்த இடத்தில் திறந்து, நின்றுகொண்டே அவர் வாசிப்பார். வாசிப்பது என்ன, மனப்பாடம்தான்.

முப்பது வயது மகள் ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். மூன்று வயது, நான்கு வயதுப் பிள்ளைகளின் இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பார்த்து, எண்ணிக்கை எழுதி, அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தும் பேசாமல் அனுப்புகிற வேலை. இரண்டு வருடமாக அவள் மன்றத்துக்கு வருவதில்லை. கடவுள் இல்லை என்று அத்தியாயம் அத்தியாயமாக வாதாடும் ஒரு புத்தகம் அவள் மேஜையில் இருந்ததைத் தராசுக்காரர் பார்த்தார். எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

“படிச்சீங்களாப்பா?” என்று மகள் கேட்டாள்.

“சாக்கடைல இறங்கித்தான் நாத்தம் தெரிஞ்சுக்கணுமா?”

“ஒரு கடைக்காரன் தராசத் தொட விடாம இப்படிச் சொன்னா, கையெழுத்துப் போட்டிருப்பீங்களா?”

மகள் அதற்குப் பிறகு அவரிடம் பேசவே இல்லை. சாப்பிட வந்தாள், தட்டைக் கழுவி வைத்தாள், வேலைக்குப் போனாள். அம்மாவுடன் பேசினாள், மாமாவுடன் சிரித்தாள், அப்பா உள்ளே வந்தால் அறை அணைத்த விளக்காகிவிடும். ஒரே மகள். அவளுக்கு அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் இது முடிந்துவிடும் என்று மனைவி சொன்னாள். கொடுப்பது அவருக்குக் கஷ்டமில்லை. ஆனால் அந்தக் கேள்வி உள்ளே முள்ளாக நின்றது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் ஒரு பக்கம்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார்.

பதினோராம் நாள் பீரோவைத் திறந்தார். ஒளித்துப் படித்தால் திருட்டு என்பது அவர் கட்சி. அதனால் முன்னறையில் உட்கார்ந்து படித்தார். பையில் போட்டுக்கொண்டு போய், மாலை வழிபாடு தொடங்கும்வரை மன்றத்துப் பெஞ்சில் உட்கார்ந்தும் படித்தார். செயலாளர் அட்டையைப் பார்த்துவிட்டு, பார்க்காதவர்போல் விலகிப் போனார். பாதிப் புத்தகம்வரை தராசுக்காரர் ஓரத்தில் பென்சிலால் பதில் எழுதிக்கொண்டே வந்தார். வாதங்களில் ஓட்டை இருந்தது, கண்டுபிடித்தார். பிறகு, ஒரு பாவமும் அறியாத குழந்தையின் வலியைப் பற்றிய அத்தியாயம் வந்தது. அதில் பென்சில் நின்றுவிட்டது. அந்த ஓரம் வெள்ளையாகவே இருந்தது. மகள் தினமும் எழுதி அனுப்பும் எண்களை அவர் நினைத்துக்கொண்டார். ஒரு வாரம் அவர் வழிபாட்டில் கண்ணை மூடி நின்றபோது உள்ளே ஒரு சொல்லும் வரவில்லை. நின்றார், அவ்வளவுதான். யாரிடமும் சொல்லவில்லை.

கடைசிப் பக்கத்தை முடித்த அன்று புத்தகத்தை மகளுடைய மேஜையில் வைத்தார். அதன் மேல் தாத்தாவின் உரையை வைத்தார்.

“உன் கல்ல நான் தூக்கிப் பாத்தாச்சு. இதப் படிக்காமலே மூடநம்பிக்கைன்னு நீயும் சொல்லிருக்க. தட்ட மாத்திப் போடு.”

அவள் உரையைச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். அரை மணி நேரம் கழித்து அவர் முன்னால் வந்து நின்றாள். இருபத்தாறு நாளைக்குப் பிறகு அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்.

“அப்பா, கத்தி இருக்கா?”

நாற்பத்தெட்டாம் பக்கத்துக்கு மேல் புத்தகம் திறக்கவே இல்லை. அந்தக் காலத்து அச்சு. பெரிய தாளை மடித்துத் தைத்து அப்படியே அட்டை போட்டுவிடுவார்கள், வாசிப்பவர்தான் மடிப்பின் ஓரங்களை வெட்டிக்கொள்ள வேண்டும். முதல் மூன்று அத்தியாயத்தை யாரோ வெட்டியிருந்தார்கள். மிச்சம் முந்நூற்றைம்பது பக்கமும் அச்சகத்தை விட்டு வந்தபடியே, கன்னி கழியாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. இவருடைய அப்பா வாசிக்கவில்லை. இவரும் வாசிக்கவில்லை. மூன்று தலைமுறையாகத் துணி மாற்றியிருக்கிறார்கள். தராசுக்காரர் அந்த ஒட்டிய ஓரங்களை விரலால் தடவிப் பார்த்தார். எழுந்து போய்ச் சமையலறையிலிருந்து பழம் நறுக்கும் கத்தியைத் தானே எடுத்து வந்து, கைப்பிடியை அவள் பக்கம் நீட்டிக் கொடுத்தார். அவள் சிரிக்கவில்லை. அதற்காக அவர் அவளுக்கு உள்ளுக்குள் நன்றி சொன்னார்.

அப்படி வெட்டி வெட்டி அவள் நூற்று அறுபதாம் பக்கத்தைத் தாண்டிய ஞாயிற்றுக்கிழமைதான் செயலாளர் மருந்துக்கடைக்காரரோடு வந்தார்.

“ஐயா, சுத்தி வளைக்க வேண்டாம்னு பாக்கறேன்” என்று ஆரம்பித்து, காபி ஆறும்வரை சுற்றி வளைத்தார். கடைசியில், “அந்த நாத்திகப் புத்தகத்த எங்ககிட்ட குடுத்துடுங்க. இனிமே வீட்டுல வச்சுக்க மாட்டோம்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. இல்லேன்னா நாற்காலிய விட்டுடுங்க. உங்க மரியாதைக்காகத்தான் வீடு தேடி வந்தோம்” என்றார்.

“புத்தகத்துல எது தப்பு?” என்றார் தராசுக்காரர்.

“எல்லாமே தப்பு.”

“எந்தப் பக்கம்?”

“அதெல்லாம் நான் தொட்டுக்கூடப் பாக்கலீங்க.”

“அப்போ எந்தக் கல்லப் போட்டு நிறுத்தீங்க?”

மச்சான் மேற்கூரையைப் பார்த்தார். செயலாளர் காபி டம்ளரை வைத்தார். “இது தராசில்ல ஐயா, நம்பிக்கை. உங்க தாத்தா மட்டும் இப்ப இருந்தா இந்த வீட்டு வாசப்படி மிதிச்சிருப்பாரா? அவர் எல்லாத்துக்கும் பதில் எழுதி வச்சுட்டுப் போயிருக்கார். அதப் படிச்சாப் போதும்.”

“எத்தன பக்கம் படிச்சிருக்கீங்க மாமா?” என்று மகள் கேட்டாள். குரலில் குறும்பு இல்லை. “ஏன்னா எங்க வீட்டுது நாப்பத்தெட்டோட நின்னிருந்துது. மன்றத்துல இருக்கற பிரதி?”

செயலாளர் திரும்பி மருந்துக்கடைக்காரரைப் பார்த்தார். அவர் அதுவரை வாயே திறக்காதவர். மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, நோய்க்கு மருந்து கேட்டவருக்குக் கையிருப்பு இல்லை என்று சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்.

“அதுவும் வெட்டலீங்க. வாராவாரம் நான்தானே தூசி தட்டறேன்.”

தராசுக்காரர் எழுந்தார். இடுப்பு வலி இருந்தும் நேராக எழுந்தார். “நான் முழுசாப் படிச்சேன். முக்கால்வாசிக்கு எங்கிட்ட பதில் இருக்கு. ஒண்ணுக்கு இல்ல. ஒரு வாரம் சாமி முன்னாடி ஊமையா நின்னேன். அது உங்களுக்குத் தெரியட்டும், என் மகளுக்கும் தெரியட்டும். மறைச்சு வச்சுக்கிட்டு அந்த நாற்காலில உக்கார எனக்குத் தெரியாது.”

மனைவி கையிலிருந்த தட்டை மேஜையில் வைத்தாள். மகள் அவரைப் பார்த்தாள். பிறகு மேஜையிலிருந்து தாத்தாவின் புத்தகத்தை எடுத்தாள்.

“மறுக்கிறவங்க கேள்வின்னு பதினேழு எழுதியிருக்கார், அப்பா. அவங்க புத்தகமெல்லாம் வரவழைச்சுப் படிச்சிருக்கார். என் கட்சிய என்னவிட நல்லாப் பேசறார் மனுஷன். ஒன்பதாவது கேள்வி குழந்தைங்க வலி. நூத்து அறுபத்தொண்ணோட முடியுது. பதில் மடிப்புக்குள்ள இருக்கு. இன்னும் வெட்டல.”

ஜன்னல் பக்கம் வெளிச்சம் இருந்ததால் அங்கே போய் நின்று, கத்தியை மடிப்புக்குள் விட்டு மெல்ல இழுத்தாள். தாள் கிழிபடும் சத்தம் நீளமாகக் கேட்டது. எண்பது வருடமாக யாரும் பார்க்காத பக்கம், வெளுக்காமல், மை கருப்பாக இருந்தது. முதல் வரியை மனதுக்குள் படித்துவிட்டு நிறுத்தினாள். பிறகு உரக்க வாசித்தாள். அவள் வீட்டில் எதையும் உரக்க வாசித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

“இக்கேள்விக்குப் பதினோரு ஆண்டுகள் விடை தேடினேன். கிடைக்கவில்லை. கிடைத்ததாகச் சொல்லித் தலைமையில் அமர மனம் ஒப்பவில்லை. விடை தெரியாமலே தொழுகிறேன். இதைக் கேட்பவனை மன்றத்திலிருந்து வெளியேற்றாதீர்கள். அவன் எனக்காகவும் கேட்கிறான்.”

தராசுக்காரர் நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்பது அவருக்கும் சொல்லப்பட்டவருக்கும் இடையே. ஒரு வாரத்துக்குப் பிறகு வந்த சொல். கண்ணைத் திறந்தபோது அவர் ஐந்து வயது குறைந்தவராக இருந்தார் என்று மனைவி பிறகு தம்பியிடம் சொன்னாள்.

“இன்னொரு தடவ வாசிம்மா” என்றார் தராசுக்காரர். “செயலாளருக்குக் கொஞ்சம் காது மந்தம்.”

செயலாளருக்குக் காது நன்றாகவே கேட்கும். இரண்டாம் தடவை முடிந்ததும் அவர் செருப்பைத் தேடினார். மருந்துக்கடைக்காரர் எழவில்லை. தயங்கித் தயங்கி, “உங்க வேல முடிஞ்சதும் அந்தக் கத்தியக் கொஞ்சம் தர்றீங்களாம்மா? ரெண்டு நாள்ல திருப்பிக் குடுத்துடறேன்” என்றார்.

“கத்தி எதுக்கு அவர்கிட்ட? கடையில பிளேடு பாக்கெட் பாக்கெட்டா வச்சிருக்கார்” என்றார் மச்சான்.

“பரவால்ல, குடு” என்றார் தராசுக்காரர். “கை பழகின கத்தி.”

அன்று மாலை மன்றத்தில் தலைவர் நாற்காலியில் அவர்தான் உட்கார்ந்தார். மகள் வரவில்லை. வீட்டில் நூற்று எழுபத்தேழாம் பக்கத்தில் இருந்தாள்.

தராசுக்காரர் செயலாளர்மீது கத்தியை ஓங்கினார், மகள் குறுக்கே விழுந்து தடுத்தாள் என்று எதிர்வீட்டு அம்மாள் சொல்லியிருக்கிறார். தவறு. கத்தியைப் பிடித்திருந்தது மகள். யாரும் குறுக்கே விழவில்லை. வெட்டுப்பட்டது நூற்று அறுபத்தோராம் பக்கத்தின் மடிப்பு.