மூச்சு விடும் கொழுந்து

விஜயலெட்சுமி கட்டிய தேயிலைக் கொழுந்துச் சாக்கை யானை மிதித்தாலும் அவிழாது என்று ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்ட லயத்து வீடுகளில் பேச்சு. காலால் மிதித்து மிதித்து, இரண்டு சாக்குக் கொழுந்தை ஒன்றில் அடைத்துவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவளும் இன்னும் ஒன்பது பெண்களும் காடு மண்டிக் கிடந்த தேயிலை நிலத்தைத் திருத்தி, கொழுந்தை ஃபெக்டரிக்குக் கொடுத்து வந்தார்கள். இரண்டு தடவை கொழுந்து சிவந்து கெட்டுப்போனது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது தடவையும் சிவந்தால் இனி எடுக்க மாட்டோம் என்பது ஃபெக்டரி ஐயாவின் கடைசிப் பேச்சு. நேரத்துக்கு வராமல் வெயிலில் வாட்டிவிடுகிறான் என்று பழியை எல்லோரும் லொறிக்கார றிஸாத் தலையில் போட்டார்கள். அவளும்தான் போட்டாள்.

அன்று கட்டி வைத்த பிறகு றிஸாத் போன் எடுத்தான். "ரோட்டுல மண் சரிஞ்சிருக்குக்கா. ரெண்டு மணித்தியாலமாவது ஆகும்."

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். வாசலில் மகள் யசோதினி சாதாரணதரப் பரீட்சைக்குச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"காற்றுச் சுவாசத்தில் கலங்கள் ஒட்சிசனைக் கொண்டு குளுக்கோசை உடைத்துச் சக்தி பெறுகின்றன. அதில் ஒரு பகுதி வெப்பமாக வெளியேறும். தாவரக் கலங்களிலும் இது நடைபெறும்."

"பறிச்ச கொழுந்துலயுமாடி?"

"பறிச்சதும் செத்தா போயிரும்? அதுபாட்டுக்கு மூச்சு விட்டுக்கிட்டுத்தாம்மா இருக்கும்."

விஜயலெட்சுமி எழுந்து போய்ச் சாக்குக்குள் கையை விட்டாள். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரிச் சுட்டது. சாக்கு நிழலில்தான் இருந்தது. சூடு வெயிலிலிருந்து வரவில்லை, உள்ளேயிருந்துதான் வந்தது. மிதித்து இறுக்கியதால் அதற்குப் போக வழியில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"சிவசக்தி, எல்லாத்தையும் அவுத்துக் கொட்டுங்கடி!" என்று பக்கத்து வீட்டுக்காரியையும் மற்றப் பெண்களையும் கூப்பிட்டாள்.

"பைத்தியமாக்கா? லொறி வந்துட்டா?"

"வரட்டும். கொழுந்த அவிச்சது றிஸாத் இல்ல. நான்தான். என் காலுதான்."

சிவசக்தியும் சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்தாள். பிறகு உள்ளே ஓடித் தன் கல்யாணச் சேலையையே எடுத்து வந்து விரித்தாள். லயத்து வாசல் நெடுகச் சேலையும் போர்வையும் விரிந்தன. அவற்றின்மேல் பத்துப் பேரும் கொழுந்தை மெல்லப் பரப்பினார்கள்.

றிஸாத் வந்ததும், "தம்பி, வீணா ஒங்கமேல பழி போட்டுட்டோம். மன்னிச்சிருங்க" என்றாள். அவன் சிரித்துவிட்டுச் சாக்கைப் பிடித்தான். பாதிப் பாதியாக, மிதிக்காமல் நிரப்பி ஏற்றினார்கள். அவளும் கூடவே ஏறிப் போனாள்.

ஃபெக்டரி ஐயா முழங்கை வரை கையைச் சாக்குக்குள் விட்டுத் துழாவினார். கொழுந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவள்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஜில்லுன்னு இருக்கே! எறக்குங்க. நாளைக்கும் கொண்டு வாங்க."

அவள் ஒரு ஓரமாகப் போய் வீட்டுக்குப் போன் எடுத்தாள்.

"என்னம்மா? எடுத்துக்கிட்டாங்களா?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்:

"எடுத்துக்கிட்டாங்கடி. அந்தப் பாடத்த இன்னொருக்கா வாசி, கேப்போம்."