எலி டாக்டரின் கை

வார்டில் அவனுக்கு எலி டாக்டர் என்று பெயர் விழுந்து மூன்று மாதம் ஆகிறது. தப்பில்லை. குழந்தை மருத்துவம் படித்த ஆள், ஆராய்ச்சியும் பழக வேண்டும் என்று நான்கு வருடம் எலிகளோடு குடித்தனம் நடத்தினால் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? வயது நாற்பதைத் தொடப் போகிறது. யார் கேட்டாலும் மாமனார் இன்னும் "மாப்பிள்ளை படிச்சுக்கிட்டிருக்கார்" என்றுதான் சொல்கிறார். சொல்லும்போது குரல் கம்மிவிடும்.

இன்றோடு அதற்கு ஒரு முடிவு வர வேண்டும். வார்டுக்குத் திரும்பியவனை மூன்று மாதம் கண்காணித்த சீனியர் டாக்டர், தனியாக வைத்தியம் பார்க்கத் தகுதியானவர் என்று இன்று கையெழுத்துப் போட வேண்டும். போட்டால், பாதி நாள் வார்டு, பாதி நாள் ஆராய்ச்சி என்று இத்தனை வருடம் ஏங்கிய வேலை அவனுக்கு. போடாவிட்டால் பட்டியலில் அடுத்தவருக்கு. நாற்பது தாண்டினால் அந்த வேலைக்கு மனுப் போடவே முடியாது.

காலையில் ஏழு மாதக் குழந்தை ஒன்று வந்தது. ரத்தத்தில் கிருமி, அனலாய்க் காய்ச்சல். அதற்கான மருந்து அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நான்கு வருடம் எலிகளுக்கு அவன் ஏற்றியது அதைத்தான். மளமளவென்று எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனான். நர்ஸ் தாளோடு பின்னாலேயே வந்தார்.

"டாக்டர், குழந்தை எத்தனை கிலோ?"

"ஆறு."

"அப்ப இது என்ன?"

முப்பது மில்லிகிராம் இருக்க வேண்டிய இடத்தில் முந்நூற்று அறுபது இருந்தது. எலியின் உடம்பு மருந்தைச் சீக்கிரம் வெளியேற்றிவிடும். கிலோவுக்குப் பன்னிரண்டு மடங்கு கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கைக் கை தன்பாட்டுக்கு எழுதியிருந்தது. அத்தனையும் ஏறியிருந்தால் குழந்தைக்குக் காது போயிருக்கும், சிறுநீரகமும் போயிருக்கும்.

நர்ஸ் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுப் புதுத் தாளை நீட்டினார். "இதுல சரியா எழுதுங்க. அதைக் கிழிச்சுப் போட்டுடுங்க. நல்ல நாளும் அதுவுமா எதுக்கு வம்பு?"

எழுதிக் கொடுத்தான். பழைய தாளைக் கிழிக்க மனசு வரவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

மூன்று மணிக்கு சீனியர் வந்தாள். ஒரு காலத்தில் அவனுக்கு ஜூனியர். அவன் எலிகளிடம் போன இடைவெளியில் அவனைத் தாண்டிப் போய்விட்டாள். ஆனால் கூப்பிடுவது இன்னும் அண்ணா என்றுதான்.

"ட்ரீட் எப்போண்ணா?" பேனாவைத் திறந்துகொண்டே கேட்டாள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். இதைவிடப் பெரிய தப்பெல்லாம் செய்தவர்கள் ஜம்மென்று இல்லையா? கடவுளே, ஒரு கையெழுத்து, ஒரே ஒரு கையெழுத்து. எதிர்க் கட்டிலில் அந்தக் குழந்தையின் அம்மா சாவிக்கொத்தை ஆட்டினாள். குழந்தை சோர்வோடு சத்தம் வந்த பக்கம் திரும்பியது. அவள் மறுபக்கம் ஆட்டினாள். மறுபக்கம் திரும்பியது.

தாளை எடுத்துச் சீனியர் முன்னால் வைத்தான். அவள் இரண்டு முறை படித்தாள்.

"மருந்து ஏறிடுச்சா?"

"இல்ல. சிஸ்டர் பிடிச்சுட்டாங்க."

"அப்புறம் ஏண்ணா காட்டுறீங்க? பார்த்தப்புறம் நான் எப்படிப் போடுவேன்?" அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"சந்தேகத்தோட எழுதியிருந்தா பரவாயில்லம்மா. நல்லாத் தெரிஞ்ச மாதிரி எழுதினேன். கேக்க ஆள் இல்லாத அன்னிக்கு என்ன ஆகும்?"

அவள் பேனாவை மூடினாள்.

ஃபோன் அடித்தது. மனைவி. "போட்டாச்சா? அப்பா பக்கத்துலயே நிக்கிறார், பத்து தடவை கேட்டுட்டார்." அப்புறம் பேசுவதாகச் சொல்லி வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதான். படித்த படிப்பெல்லாம் பாழாய்ப் போய்விட்டது என்று தோன்றியது.

"டாக்டர்," நர்ஸ் மெதுவாகக் கூப்பிட்டார். "குழந்தைக்குத் திரும்பக் காய்ச்சல் ஏறுது. மருந்து எழுதணும்."

முகத்தைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தான்.

"சிஸ்டர், நான் எழுதி முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நில்லுங்க," என்றான்.